சுயநலம் எழுதிய சாசனம்

நல்ல காரியங்கள் நல்ல மனத்திலிருந்துதான் பிறக்கவேண்டும் என்று நாம் எல்லோருமே ஆசைப்படுகிறோம். தர்மசத்திரம் கட்டியவன் தர்மவானாக இருக்கவேண்டும். கள்ளக்கணக்கு எழுதிச் சேர்த்த பணத்தில் கட்டியது என்று தெரிந்துவிட்டால், அங்கே படுத்து உறங்கிய வழிப்போக்கனுக்குக்கூட முதுகு உறுத்த ஆரம்பித்துவிடும். ஆனால் கொட்டுகிற மழையில் அந்தத் திண்ணைதானே அவனுக்கு ஒதுங்க இடம் கொடுத்தது? கட்டியவனுடைய மனம் வேறு, கட்டிய திண்ணையின் பயன் வேறு என்று பிரித்துப் பார்க்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி சத்திரத்தோடு நின்றுவிடுகிற கேள்வி அல்ல. ஒரு மனிதனைப் பிடித்து அடைத்தால் ஏன் அடைத்தாய் என்று கேட்கலாம். விசாரணை இல்லாமல் அவனைத் தண்டிக்கக் கூடாது. அரசாங்கமே ஆனாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கவேண்டும். இவையெல்லாம் இன்று நமக்குக் காற்றையும் தண்ணீரையும் போலப் பழகிவிட்ட உரிமைகள். இவற்றின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போனால், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஒரு புல்வெளியில் போய் நிற்கிறோம். அங்கே கூடியிருப்பவர்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தால், உத்தமர்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

முதலில் அரசனைப் பார்ப்போம். 1199 முதல் 1216 வரை ஆண்ட ஜான் கெட்டிக்காரன், ஓயாமல் உழைக்கிறவன், ஆனால் யாரையும் நம்பாதவன், யாராலும் நம்பப்படாதவன். 1204-ல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னனிடம் பறிகொடுத்தான். பறிபோனதை மீட்கவேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. வெறிக்குப் பணம் வேண்டுமே! போருக்கு வராத பிரபு வரி கொடுக்கவேண்டும். தகப்பன் இறந்து மகன் பட்டத்துக்கு வந்தால் பெருந்தொகை கட்டவேண்டும். புருஷனை இழந்த சீமாட்டி, தனக்குப் பிடிக்காத எவனுக்கோ மனைவியாகப் போகாமல் இருப்பதற்குக்கூட அரசனுக்குப் பணம் அழவேண்டும். வழக்கு நடக்கப் பணம், வழக்கு நடக்காமல் இருக்கப் பணம். நியாயம் கடைச் சரக்காகிவிட்டது.

பணம் கொடுக்க முடியாதவன் கதி என்ன? வில்லியம் டி பிரயோஸ் என்ற பெரிய பிரபு ஒரு காலத்தில் ஜானுக்கு மிகவும் வேண்டியவன். பிறகு கடன்பட்டான், அரசனின் கோபத்துக்கு ஆளானான், நாட்டை விட்டே ஓடினான். அவனுடைய மனைவியும் மூத்த மகனும் பிடிபட்டார்கள். அவர்கள்மீது எந்த நியாயஸ்தலத்திலும் குற்றம் சாட்டப்படவில்லை. 1210-ல் அரசனுடைய சிறையில் தாயும் பிள்ளையும் பட்டினியால் மாண்டுபோனார்கள் என்று அக்காலத்து ஆசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தி மற்றப் பிரபுக்களின் காதில் விழுந்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கதை எழுதுகிறவனுக்குக் கஷ்டமான வேலை அல்ல. 'ஐயோ பாவம்' என்பது முதல் நினைப்பாக இருக்கலாம். 'நாளைக்கு நம் வீட்டுக்கும் இது வரும்' என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்த நினைப்பு.

இனி அந்தப் பிரபுக்களைப் பார்ப்போம். ஏழைகளின் கண்ணீர் கண்டு வாளை உருவியவர்கள் அல்லர். அவர்களுடைய பண்ணைகளில் நிலத்தோடு கட்டுண்ட குடியானவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். அந்த அடிமைக் குடியானவன் தன் பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகமுடியாது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானாலும் அவனுக்குப் பணம் கொடுக்கவேண்டும். அரசன் தங்களுக்குச் செய்தது அக்கிரமம் என்று கொதித்த அதே பிரபுக்கள், தங்கள் கீழே இருந்தவர்களுக்கு ஏறக்குறைய அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். 1214-ல் பூவைன்ஸ் போர்க்களத்தில் ஜானுடைய கூட்டாளிகள் தோற்றார்கள். கொட்டிக்கொடுத்த பணமெல்லாம் மண்ணாயிற்று என்று தெரிந்ததும் பிரபுக்களின் பொறுமை தீர்ந்தது. 1215 மே மாதத்தில் லண்டன் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. ஜூன் 15-ஆம் தேதி, விண்ட்ஸருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் இடையிலுள்ள ரன்னிமீட் புல்வெளியில், வேறு வழியில்லாமல் அரசன் இணங்கினான்.

அந்த உடன்படிக்கைதான் பின்னாளில் மாக்னா கார்ட்டா என்று பெயர் பெற்றது. அதாவது மகாசாசனம். அரசன் கையெழுத்துப் போடுவதுபோல் சித்திரங்கள் உண்டு. அவன் கையெழுத்துப் போடவில்லை, அரச முத்திரைதான் வைக்கப்பட்டது. ஆட்டுத்தோலில், லத்தீன் மொழியில், நெருக்கி நெருக்கி எழுதிய ஒரே பத்திரம். 63 ஷரத்துக்கள் என்று எண் போட்டதெல்லாம் பிற்காலத்தார்.

மகாசாசனம் என்ற பெயரை நினைத்துக்கொண்டு அதைப் படிக்கப் போகிறவர்களுக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. மனிதகுலத்தின் சுதந்திரத்தைப் பற்றிய கம்பீரமான வாசகம் ஒன்றும் முகப்பில் இல்லை. வாரிசு எவ்வளவு கட்டவேண்டும் என்கிறது ஒரு ஷரத்து. தேம்ஸ் நதியில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புக்களை அகற்றவேண்டும் என்கிறது இன்னொன்று. கள்ளுக்கும் தானியத்துக்கும் நாடு முழுவதும் ஒரே அளவை வேண்டுமாம். விதவையைக் கட்டாயப்படுத்தி மறுமணம் செய்யக் கூடாது என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொலைக் குற்றம் பற்றி ஒரு பெண் முறையிட்டால், செத்தது அவள் புருஷனாக இருந்தாலொழிய, அந்த முறையீட்டை வைத்து ஒருவரையும் கைது செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து சொல்கிறது. யூதர்களிடம் பட்ட கடனைப் பற்றிப் பிரபுக்களுக்கு அனுகூலமாக இரண்டு ஷரத்துக்கள். அடிமைக் குடியானவனுக்கு அபராதம் விதித்தாலும் அவனுடைய உழவுச் சாதனத்தைப் பறிக்கக் கூடாது என்று ஒரு கருணை தென்படுகிறது. உற்றுப் பார்த்தால், அவனுடைய ஏர் நின்றுவிட்டால் பிரபுவின் வருமானமும் நின்றுவிடும் என்பது புரிகிறது.

இந்தச் சந்தை இரைச்சலுக்கு நடுவில் இரண்டு ஷரத்துக்கள் ஒதுங்கி நிற்கின்றன. சுதந்திர மனிதன் எவனையும், அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பாலோ நாட்டுச் சட்டத்தாலோ அல்லாமல், பிடிக்கவோ, சிறையில் அடைக்கவோ, சொத்தைப் பறிக்கவோ, நாடு கடத்தவோ கூடாது என்கிறது 39-வது. நியாயத்தை யாருக்கும் விற்பதில்லை, மறுப்பதில்லை, காலங்கடத்துவதில்லை என்கிறது 40-வது. பிரயோஸின் மனைவியும் மகனும் எந்த இருட்டறையில் கிடந்து மடிந்தார்களோ, அந்த இருட்டறைக்குப் போடப்பட்ட பூட்டு இது.

இங்கேயும் ஒரு கட்டு இருக்கிறது. 'சுதந்திர மனிதன்' என்று ஒரு சொல்! அன்றைய இங்கிலாந்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் சுதந்திர மனிதர்களே அல்லர். அவர்களுக்கு 39-வது ஷரத்தின் வாசல் அடைத்துத்தான் இருந்தது. வாசலை அடைத்தவர்கள் தெரிந்துதான் அடைத்தார்கள்.

அப்படியென்றால் பிரபுக்கள் ஏன் தங்கள் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போகவில்லை? இவர் இவரை அரசன் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு ஜாபிதா போட்டிருக்கலாமே? என் சிந்தனை எப்போதும் இந்த இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெயர் சொல்லிக் கொடுப்பது சலுகை. சலுகை கொடுத்தவன் நாளைக்கு மனம் மாறினால் திருப்பி எடுத்துக்கொள்வான். பிரயோஸுக்கும் ஒரு காலத்தில் அரசனுடைய சலுகை ஏராளமாக இருந்தது. ஆகவே ஒருவன் நிஜமாகவே பத்திரமாக இருக்கவேண்டுமானால், தன்னைப் பற்றிப் பேசினால் போதாது. 'எவனையும்', 'யாருக்கும்' என்று பேசியாகவேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள நினைத்த சுயநலம், தான் விரும்பாமலே பொதுவிதியின் உடையை அணிந்துகொள்ளவேண்டி வந்தது. அரசன் தன் ஆட்களுக்குத் தந்த உரிமைகளைப் பிரபுக்களும் குருமார்களும் தங்கள் தங்கள் ஆட்களுக்குத் தரவேண்டும் என்று 60-வது ஷரத்து அந்தச் சாசனத்திலேயே சொல்கிறது. அதை எழுதும்போது எத்தனை பிரபுக்கள் முகம் சுளித்தார்களோ!

சாசனத்தின் ஆயுள் என்ன தெரியுமா? பத்து வாரம். பலாத்காரத்தால் வாங்கிய வாக்கு செல்லாது என்று ஜான் போப்பிடம் முறையிட்டான். போப் மூன்றாம் இன்னஸன்ட் ஆகஸ்டு 24-ஆம் தேதி அதை ரத்து செய்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் 1216 அக்டோபரில் ஜான் இறந்தான். பட்டத்துக்கு வந்த மகனுக்கு வயது ஒன்பது. குழந்தையின் பெயரால் ஆட்சி செய்த வில்லியம் மார்ஷல் என்ற கிழவர், எதிரிப் பிரபுக்களைத் தம் பக்கம் இழுக்க, எந்தச் சாசனத்துக்கு எதிராக அரசன் போரிட்டானோ அதையே அரசன் பெயரால் மறுபடியும் வெளியிட்டார். அரசனுக்குச் சங்கடமான ஷரத்துக்களைக் கழித்துவிட்டுத்தான். 1225-ல் வரி கொடுத்தால் சாசனம் என்ற பேரத்தில் மீண்டும் ஒருமுறை. 1297-ல் அது நாட்டின் சட்டங்களோடு சேர்த்துப் பதியப்பட்டது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது. தேவைக்கு விலையாகச் சாசனம் கிடைத்தது. தியாகத்தின் கதையாகச் சொல்ல ஆசைதான். சரித்திரம் இடம் கொடுக்கவில்லை.

பிறகு 1354-ல் ஓர் அதிசயம் நடந்தது. மூன்றாம் எட்வர்டின் காலத்துச் சட்டம் ஒன்றில் அதே வாக்குறுதி திரும்ப எழுதப்படுகிறது. 'சுதந்திர மனிதன்' என்ற சொல் காணாமல் போய்விட்டது. எந்த அந்தஸ்தில் எந்த நிலைமையில் இருக்கும் மனிதனானாலும், முறையான சட்ட நடவடிக்கை இல்லாமல் அவனைத் தண்டிக்கக் கூடாது என்று இருக்கிறது. அன்றே அடிமைக் குடியானவன் விடுதலை அடைந்துவிட்டான் என்று அர்த்தமல்ல. ஆனால் சட்டத்தின் வாசகத்தில் கதவு திறந்துவிட்டது. மனிதன் உள்ளே வர இன்னும் பல தலைமுறைகள் ஆயின.

அதற்கப்புறம் நீண்ட உறக்கம். ஜான் மன்னனைப் பற்றி நாடகம் எழுதிய ஷேக்ஸ்பியர் அதில் இந்தச் சாசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அதைத் தட்டி எழுப்பியவர் எட்வர்ட் கோக் என்ற நீதிபதி. 1627-ல் முதலாம் சார்லஸ் மன்னன் கட்டாயக் கடன் கேட்டான். கொடுக்க மறுத்தவர்களைச் சிறையில் போட்டான். குற்றம் என்ன என்று ஐந்து கனவான்கள் நியாயஸ்தலத்தில் கேட்டபோது, 'அரசரின் விசேஷக் கட்டளை' என்பதே பதிலாக வந்தது. மறுவருஷம், எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்ட கோக், பார்லிமெண்டில் மகாசாசனத்தைத் தூக்கிப் பிடித்தார். 1628-ஆம் வருஷத்து உரிமை மனு அதன் மேல் ஏறி நின்றது. கோக் 1634-ல் மரணப் படுக்கையில் இருந்தபோது, அரசனின் ஆட்கள் அவர் எழுதிய காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். செத்துக்கொண்டிருக்கும் கிழவரின் காகிதங்களுக்கு ஓர் அரசன் பயப்பட்டான் என்பதைவிட அந்தக் காகிதங்களுக்கு வேறு என்ன நற்சாட்சி வேண்டும்?

கோக் சாசனத்தைத் தப்பாகப் படித்தார் என்று சரித்திரப் புலவர்கள் சொல்கிறார்கள். பிரபுக்களின் பேரத்தை எல்லா ஆங்கிலேயரின் பிறப்புரிமையாக்கிவிட்டாராம். வாஸ்தவம்தான். எழுதியவர்கள் மனத்தில் அது இல்லை. ஆனால் எழுதியவன் மனத்தில் என்ன இருந்தது என்பதோடு எழுத்தின் ஆயுள் முடிந்துவிடுகிறதா? பேனா பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது: அச்சேறிய வாக்கியம் எழுதியவன் பேச்சைக் கேட்பதில்லை. 'யாருக்கும்' என்று எழுதிவிட்டால், வாசலுக்கு வெளியே நிற்பவன் ஒருநாள் வந்து, "ஐயா, அந்த 'யாருக்கும்' என்பதில் நான் இல்லையா?" என்று கேட்பான். கேட்டால் பதில் சொல்லியாகவேண்டும்.

அப்படிக் கேட்ட ஒருவனைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, அமெரிக்காவில் விற்கப்பட்டு, எஜமானோடு லண்டனுக்கு வந்த அடிமை ஜேம்ஸ் ஸாமர்ஸெட். 1771-ல் ஓடிப்போனான், பிடிபட்டான். ஜமெய்க்காவுக்குப் போகும் கப்பலில் விலங்கிட்டு வைத்தார்கள். அங்கே கொண்டுபோய் விற்பதாக ஏற்பாடு. கப்பல் பாய் விரிப்பதற்குள், 'அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல்' என்ற நீதிபதியின் ஆட்கொணர்வு உத்தரவு வந்து சேர்ந்தது. கிரான்வில் ஷார்ப் என்ற சர்க்கார் குமாஸ்தா, வக்கீலுக்குப் படிக்காமலே பழைய சட்டங்களைத் தானாகப் படித்து, இவனைப் போன்றவர்களுக்காக வருஷக்கணக்கில் மன்றாடிக்கொண்டிருந்தவர். 1772 ஜூன் 22-ல் பிரபு மான்ஸ்ஃபீல்டு ஸாமர்ஸெட்டை விடுவித்தார். அடிமை முறை அன்றோடு ஒழியவில்லை. கடலுக்கு அப்பால் இன்னும் அறுபது வருஷம் பிரிட்டிஷ் சாட்டை சுழன்றுகொண்டுதான் இருந்தது. என்றாலும், ஒரு மனிதனைக் கப்பலின் அடித்தட்டிலிருந்து மேலே தூக்கி வந்த கயிற்றின் பழைய இழைகளில் ஒன்று ரன்னிமீட் பிரபுக்கள் திரித்தது. அவர்களில் ஒருவனும் அவனை ஏறெடுத்துப் பார்த்திருக்கமாட்டான்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சொல் தானே நடந்து போய் யாரையும் காப்பாற்றாது. 1215-ஆம் வருஷத்துப் பிரதிகளில் இன்று நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் லிங்கன் மாதாகோவிலுக்குச் சொந்தமானது 1939-ல் நியூயார்க் கண்காட்சிக்குப் போயிற்று. யுத்தம் வந்ததால் அமெரிக்காவிலேயே தங்கி, தங்கக் கட்டிகளைக் காக்கும் ஃபோர்ட் நாக்ஸ் கோட்டையில் பத்திரமாக இருந்தது. தோலுக்கு அத்தனை காவல்! அதே சமயத்தில் லண்டனில், மந்திரி ஒருவர் விசாரணையின்றி அடைத்த லிவர்ஸிட்ஜ் என்பவரின் வழக்கு 1941-ல் பிரபுக்கள் சபைக்கு வந்தது. 'நியாயமான காரணம் இருப்பதாக மந்திரி நினைத்தால் போதும்' என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். போதாது, காரணத்தைக் காட்டவேண்டும் என்று சொன்னவர் ஆட்கின் பிரபு ஒருவர்தான். ஆபத்துக் காலத்தில் சாசனம் எங்கே இருந்தது? கோட்டையில் இருந்தது தோல். சாசனம் ஆட்கின் பிரபுவிடம் இருந்தது.

நம் நாட்டிலும் இந்த வரலாறு வந்து புகுந்திருக்கிறது. அரசியல் சட்டத்தை எழுதியபோது, 1354-ஆம் வருஷத்திய அந்த 'முறையான சட்ட நடவடிக்கை' என்ற தொடரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று டில்லியில் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அதை விட்டுவிட்டு, 'சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட நடைமுறை' என்ற தொடரை 21-வது ஷரத்தில் வைத்தார்கள். அந்த மை காய்வதற்குள், 1950-லேயே சென்னை ராஜ்யத்துச் சிறையிலிருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டசபை ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் அது போதும், அது நியாயமானதா என்று கோர்ட்டு பார்க்கத் தேவையில்லை என்ற கருத்தே வென்றது. நீதிபதி ஃபஸல் அலி அதை ஒப்பவில்லை. 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றி அடைபட்டவன் ஆட்கொணர்வு மனுப் போடவே முடியாது என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். எச். ஆர். கன்னா ஒருவர் மாறுபட்டு எழுதினார்; மறு ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. 1978-ல், நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. 2017-ல் அந்த நால்வரின் தீர்ப்பும் தள்ளப்பட்டது. அன்று கன்னாவைத் தனியாக நிற்கவைத்த வாக்கியம் இன்று சட்டமாக இருக்கிறது.

இனிச் சத்திரத்துத் திண்ணைக்குத் தாராளமாக வரலாம். கட்டியவனின் பாவத்துக்காகத் திண்ணையை இடிக்கவேண்டியதில்லை. திண்ணையின் பயனுக்காகக் கட்டியவனைக் கோவிலில் வைத்துக் கும்பிடவும் வேண்டாம். ரன்னிமீட் பிரபுக்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது அவர்களுடைய நல்ல மனத்துக்காக அல்ல. அவர்கள் வாயிலிருந்து தப்பி விழுந்த ஒரு பொதுச் சொல்லுக்காக. அதைவிடப் பெரிய கடன், அந்தச் சொல்லை நம்பி வந்து கதவைத் தட்டியவர்களுக்கும், தட்டிய சத்தம் கேட்டு எழுந்து திறந்தவர்களுக்கும்.

நாம் அந்தப் பிரபுக்களைவிட உயர்ந்தவர்களா என்பதை அறிய ஒரு சின்னச் சோதனை உண்டு. நமக்கோ நம் பிள்ளைக்கோ விலங்கு மாட்டினால் நாம் எல்லோருமே மகாசாசனம் பேசுவோம். அதற்குத் தனியாக ஒரு தர்மம் வேண்டாம், பயமே போதும். அவர்களுக்கும் அது இருந்தது. நமக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவன், அவன் கொள்கை நமக்கு ஆகாது, பேச்சு ஆகாது, முகம்கூட ஆகாது, அப்படிப்பட்ட ஒருவனை விசாரணையில்லாமல் அடைத்துவிட்டார்கள் என்று காலைப் பத்திரிகையில் படிக்கிறோம். 'நன்றாக வேண்டும் அவனுக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிட்டால், நாம் இன்னும் 1215-லேயே நிற்கிறோம். 'என்ன குற்றம்? யார் விசாரித்தார்கள்?' என்று காப்பி ஆறுகிறவரையில் மனம் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பழைய தோலில் எழுதிய சொல் நம் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.